காண்ட் கிழித்த கோடு

1793 பிப்ரவரி 11. பால்டிக் கடலோர நகரமான கோனிக்ஸ்பெர்க்கில் அறுபத்தெட்டு வயதுப் பேராசிரியர் ஒருவர், தனக்கு வந்த சில கடிதங்களை வரிசைப்படுத்தி, நண்பரின் மகளுக்கு அனுப்பிவைக்கிறார். கடிதங்களை எழுதியவர் ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட்டில் வாழ்ந்த மரியா ஃபான் ஹெர்பர்ட் என்ற இளம்பெண். பெறுபவர் ஆங்கிலேய வணிகர் ராபர்ட் மதர்பியின் மகள் எலிசபெத். கற்பனையைக் கட்டில்லாமல் விட்டால் ஒரு பெண் எங்கே போய் நிற்பாள் என்பதற்கு இவை எச்சரிக்கையாக இருக்கட்டும் என்ற பொருளில் ஒரு குறிப்பும் கூடவே போகிறது. அனுப்பியவர் இம்மானுவேல் காண்ட்.

நம்பி எழுதிய கடிதத்தை மூன்றாம் மனிதர் கையில் கொடுத்தது நாகரிகமா என்ற கேள்வி இருக்கட்டும். அந்தக் காலத்தில் கடிதங்கள் கைமாறுவது சகஜம். எனக்கு உறுத்துவது வேறு. மனித அறிவு எதுவரை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் கோடு கிழித்தவர், ஒரு மனுஷியின் மனத்தைப் பற்றி இரண்டு வரியில் தீர்ப்பெழுதிக் கோப்பை மூடிவிட்டார். காண்டின் அறவியலை எடைபோட எதிரிகளின் தராசு தேவையில்லை. அவர் கிழித்த கோடே போதும்.

காண்டைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர் மாலை நடைக்குக் கிளம்புவதைப் பார்த்து ஊர்க்காரர்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட கதையைச் சொல்லிவிட்டு, கடமைக்காகக் கடமை என்று முடித்துவிடுவது வழக்கம். அந்தக் கடமை எங்கிருந்து வருகிறது என்று அவரைக் கேட்டால் கிடைக்கும் பதில்தான் சுவையானது. அதை நம்மால் விளங்கிக்கொள்ள முடியாது என்பார்.

1781இல் வெளிவந்த ‘தூய பகுத்தறிவு பற்றிய விமர்சனம்’ எண்ணூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூல். அதன் மையச் செய்தியை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம், சிரமம் அதை நிறுவுவதில்தான். இடமும் காலமும் நாம் பொருள்களைக் காணும் முறைகள். காரண காரியம் உள்ளிட்ட பன்னிரண்டு கருத்தாக்கங்கள், கண்டவற்றைக் கோத்து நாம் புரிந்துகொள்ளும் முறைகள். இவற்றைக் கழற்றி வைத்துவிட்டு உலகம் தன்னளவில் எப்படி இருக்கிறது என்று பார்க்க நமக்கு வழி கிடையாது. கடவுள் உண்டா, ஆன்மா அழியாததா, மனிதன் சுதந்திரமானவனா – மூன்றும் கோட்டுக்கு அப்பால். அங்கே நிரூபணமும் செல்லாது, மறுப்பும் செல்லாது.

அறத்துக்கு இதனால் என்ன லாபம்? நடப்பதெல்லாம் காரணங்களால் நடக்கிறது என்றால் திருடியவன் திருடாமல் இருந்திருக்க முடியாது. பிறகு அவனைக் குற்றம் சொல்வதில் என்ன பொருள்? காண்டின் விடை: காரண காரியம் கோட்டுக்கு இந்தப் பக்கத்துச் சங்கதி. அந்தப் பக்கத்தில் அதே மனிதன் சுதந்திரமானவனாக இருக்கலாம். இருக்கிறான் என்று காட்ட முடியாது, ஆனால் இல்லை என்று சொல்பவனும் கோட்டைத் தாண்டித்தான் சொல்லியாக வேண்டும். 1787இல் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், நம்பிக்கைக்கு இடம் விடுவதற்காக அறிவை விலக்கிவைக்க வேண்டியிருந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அறியாமை என்பதை ஒரு குறையாக அல்லாமல் ஒரு கேடயமாக மாற்றியதில் இருக்கும் கெட்டிக்காரத்தனம் இன்றைக்கும் வியக்க வைக்கிறது.

ஆனால் கேடயம் தற்காப்புக்குத்தான் உதவும். சுதந்திரம் சாத்தியம் என்பதிலிருந்து, நான் இதைச் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டளைக்கு எப்படிப் போவது? 1785இல் எழுதிய அறவியல் அடித்தள நூலின் மூன்றாம் பகுதியில் அதற்கு முயன்றார். முயற்சியின் முடிவில், அறக் கட்டளையின் கட்டாயம் எப்படி நம்மைப் பிடிக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள முடியாது, அது விளங்காதது என்பதை மட்டும் விளங்கிக்கொள்ளலாம் என்று எழுதி நூலை முடித்தார். மூன்றே ஆண்டில், 1788இல், நிரூபிக்கும் ஆசையையும் விட்டுவிட்டார். அறவிதி பகுத்தறிவின் ஒரு மெய்ம்மை, அதற்கு மேல் தோண்ட இடமில்லை என்றார்.

இங்கேதான் தத்துவவாதி ஷோபன்ஹவர் பிடித்துக்கொண்டார். டென்மார்க் அறிவியல் கழகம் நடத்திய போட்டிக்கு அவர் எழுதிய கட்டுரை அறத்தின் அடிப்படையைப் பற்றியது. போட்டியில் கலந்துகொண்டது அவர் ஒருவர்தான், அப்படியும் 1840இல் பரிசு தர மறுத்துவிட்டார்கள். முகமூடி நடனத்தில் ஓர் அழகியோடு இரவெல்லாம் சரசமாடிவிட்டு, முகமூடி கழன்றதும் அது தன் மனைவிதான் என்று கண்டுகொள்ளும் ஆளோடு காண்டை அதில் அவர் ஒப்பிட்டார். மனைவி வேறு யாருமல்ல, பழைய கிறித்துவ இறையியல். கட்டளையிடுபவரை மறைத்துவிட்டுக் கட்டளையை மட்டும் வைத்துக்கொண்டார் காண்ட் என்பது குற்றச்சாட்டு.

கேலி கூர்மையானதுதான். பாதிதான் சரி. வாங்கிய கடனைத் திருப்பித் தர வேண்டும் என்பதற்கு ஒருவன் நிரூபணம் கேட்டால், அவன் நிரூபணத்தைத் தேடவில்லை, நழுவ வழி தேடுகிறான் என்று நமக்குத் தெரியும். விளக்கம் எங்கோ ஓரிடத்தில் நின்றாக வேண்டும். நின்ற இடத்தை மறைக்காமல், இதுதான் என் கடைசிப் படி என்று காட்டுவதில் நேர்மை இருக்கிறது. இந்த அளவில் காண்ட் பக்கம்தான் என் வாக்கு. அடித்தளம் விளங்காதது என்ற ஒப்புதல் அவருடைய அறவியலின் பலவீனம் இல்லை.

பலவீனம் கட்டடத்தின் மேல்தளத்தில் இருக்கிறது.

அதே 1785 நூலின் இரண்டாம் பகுதி ஒரு சங்கடமான உண்மையோடு தொடங்குகிறது. நான் செய்த நல்ல காரியம் கடமை உணர்வால்தான் நடந்ததா, உள்ளே ஒளிந்திருக்கும் தன்னலத்தால் நடந்ததா என்பதை எவ்வளவு தோண்டிப் பார்த்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முதல் விமர்சன நூலின் ஓர் அடிக்குறிப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு செயலின் உண்மையான அற மதிப்பு, அது நம் சொந்தச் செயலாகவே இருந்தாலும், நம்மிடமிருந்து முற்றிலும் மறைந்திருக்கிறது. எவ்வளவு சுதந்திரத்தின் பங்கு, எவ்வளவு பிறவிக் குணத்தின் பங்கு என்று யாராலும் பிரிக்க முடியாது. ஆகவே முழு நீதியோடு யாரும் யாரையும் தீர்ப்பிட முடியாது. காண்ட் எழுதியவற்றிலேயே மிகப் பணிவான குறிப்பு இதுதான் என்பேன். நூலின் உடம்பில் இடமில்லாமல் அடிக்குறிப்புக்குப் போனது தற்செயலா என்று சில சமயம் தோன்றும்.

இந்த அடிக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு 1797க்கு வாருங்கள். சட்டக் கோட்பாடு பற்றிய நூலில் ஒரு தீவைக் கற்பனை செய்யச் சொல்கிறார் காண்ட். தீவு மக்கள் கூடிப் பேசித் தங்கள் சமூகத்தைக் கலைத்துவிட்டு ஆளுக்கொரு திசையில் போக முடிவெடுக்கிறார்கள். அப்போதும், போவதற்கு முன் சிறையில் இருக்கும் கடைசிக் கொலைகாரனைக் கொன்றுவிட்டுத்தான் போக வேண்டும். ஒவ்வொருவனுக்கும் அவன் செய்கைக்குரியது சேர வேண்டும். அது மட்டுமல்ல, மரண தண்டனைதான் குற்றவாளிகளின் உள்ளார்ந்த தீமையின் அளவுக்கேற்ப அமையும் தண்டனை என்றும் அந்த இடத்தில் வாதிடுகிறார். உள்ளார்ந்த தீமையின் அளவு! பதினாறு ஆண்டுக்கு முன், அந்த அளவு யாருக்கும் தெரியாது என்று எழுதியவர் அவரேதான். நீதிமன்றம் வெளிச்செயலைத்தான் பார்க்கிறது, உள்ளத்தை அல்ல என்று அவருக்காக வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தை அவரே கெடுத்துவிட்டார். வெளிச்செயலை மட்டும் பார்ப்பவருக்கு உள்ளார்ந்த தீமை என்ற அளவுகோல் எதற்கு? தூக்குக் கயிறு திருப்பி வாங்க முடியாத தீர்ப்பு. அதைப் போட, மறைந்திருப்பதைக் கண்ட கண் வேண்டும். காண்டின் கணக்குப்படி அந்தக் கண் மனிதருக்கு இல்லை. இந்த இடத்தில் சமாதானமே கிடையாது. தீவு வாதம் அவருடைய சொந்த நூலாலேயே விழுகிறது.

பொய் பற்றிய வாதம் இதைவிடப் புகழ்பெற்றது, இதைவிடச் சிக்கலானது. பிரெஞ்சு எழுத்தாளர் பெஞ்சமின் கான்ஸ்தாந், ஜெர்மன் தத்துவவாதி ஒருவர் எவ்வளவு தூரம் போகிறார் பாருங்கள் என்று ஓர் உதாரணம் சொன்னார். கொலைகாரன் கதவைத் தட்டி, உன் நண்பன் உள்ளே ஒளிந்திருக்கிறானா என்று கேட்கிறான். அவனிடம் பொய் சொல்வதும் குற்றம் என்கிறாராம் அந்தத் தத்துவவாதி. 1797இல் காண்ட் ஒரு சிறு கட்டுரையில் பதில் எழுதினார். ஆம், குற்றம்தான்.

காரணம் இரண்டு சொன்னார். ஒப்பந்தம், சாட்சியம் என்று சட்டம் நிற்பதே சொன்ன சொல்லின் மேல்தான், ஒரு விதிவிலக்கு அனுமதித்தால் அந்த நிலமே ஆடிவிடும் என்பது முதலாவது. இதில் கனம் இருக்கிறது. அவர் பேசுவது நட்பின் அறத்தை அல்ல, சட்டத்தின் அடித்தளத்தை என்று அவருக்கு ஆதரவாக எழுதும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுவதும் நியாயம். இரண்டாவது காரணம் விளைவுகளைப் பற்றியது. நீ உண்மையைச் சொல்கிறாய், அதற்குள் நண்பன் பின்பக்கமாக வெளியேறியிருக்கலாம், கொலை நடக்காமல் போகலாம். நீ பொய் சொல்கிறாய், நண்பன் உனக்குத் தெரியாமல் வெளியே போயிருக்க, கொலைகாரன் அவனைத் தெருவில் பார்த்துக் கொன்றால், அந்தச் சாவுக்கு நீ பொறுப்பு.

இதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். விளைவு நமக்குத் தெரியாது என்பது வாதத்தின் முதல் படி. அது உண்மை. ஆனால் தெரியாமை இரண்டு பக்கமும் ஒரே அளவுதானே? உண்மை சொன்னவனுக்கு விளைவைப் பற்றிய பொறுப்பு இல்லை, பொய் சொன்னவனுக்கு முழுப் பொறுப்பு என்று பிரிக்க, பொய் தவறு என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். முடிவானதை நிறுவத்தான் வாதம் தொடங்கியது. ஆக, தெரியாமை இங்கே எந்த வேலையும் செய்யவில்லை, வேலை செய்வதுபோல நடிக்கிறது. கொலைகாரன் விஷயத்தில் தெரிந்தது எது, தெரியாதது எது என்பதையும் பாருங்கள். அவன் நோக்கம் தெரியும். நண்பன் பின்வாசல் வழியே போயிருப்பானா என்பது தெரியாது. தெரிந்ததை ஒதுக்கிவிட்டு, தெரியாததன் மேல் கடமையைக் கட்டுகிறார் காண்ட்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் குறள் நினைவு வராமல் இருக்காது. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்கிறது 292ஆம் குறள். காண்டுக்கு எதிராக அதைத் தூக்கிப் பிடித்து, பார்த்தீர்களா நம் வள்ளுவரை என்று மேடையில் கைதட்டு வாங்கிவிடலாம். அவசரப்படக் கூடாது. குறள் போடும் நிபந்தனை கடுமையானது: நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். அது குற்றமற்றது என்பது சொல்கிற நேரத்தில் எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரி வராந்தாவில் மகன் டாக்டரை ஓரமாக அழைத்து, அப்பாவிடம் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள் என்கிறான். உள்ளே போய், ஒண்ணுமில்லப்பா, அல்சர்தான் என்கிறான். அப்பா தலையாட்டுகிறார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கலாம், மகன் உடைந்துவிடக் கூடாதென்று அவரும் நடிக்கலாம். இரண்டு பேரும் பேச வேண்டியதைப் பேசாமலே பிரிந்தும் போகலாம். அந்தப் பொய் தந்தது குற்றமற்ற நன்மைதானா? காண்ட் எச்சரித்த தெரியாமை இங்கே உயிரோடு இருக்கிறது. அவருடைய நோய்க்கணிப்பு சரி, மருந்து தவறு. தெரியாமை பொய்யைத் தடைசெய்வதில்லை, உண்மைக்கு உத்தரவாதமும் தருவதில்லை. எதைச் சொன்னாலும் அதற்குப் பிறகு அங்கேயே நின்று பொறுப்பேற்கும்படி நம்மைக் கட்டிப்போடுகிறது, அவ்வளவுதான்.

காண்டுக்கே இது தெரியாமல் இல்லை. அதே 1797இல் வந்த நற்பண்புக் கோட்பாட்டு நூலில், தீர்வு சொல்லாமல் வெறும் கேள்விகளாகவே சிலவற்றை விட்டுவைத்திருக்கிறார். கடிதத்தின் கடைசியில் தங்கள் பணிவான ஊழியன் என்று மரியாதைக்கு எழுதுகிறோமே, அது பொய்யா? வெறிநாய் கடித்தவன், தான் பிறரைக் கடித்துக் கொல்லக் கூடாதென்று தன்னை முடித்துக்கொண்டால் தவறா? உயிருக்கு ஆபத்து இருக்கும்போதும் அம்மை குத்திக்கொள்ளலாமா? (ஜென்னரின் பசுவம்மைத் தடுப்பூசி பற்றிய நூல் 1798இல்தான் வந்தது. காண்ட் பேசுவது பழைய, ஆபத்தான முறையை.) இந்தக் கேள்விகளைக் கேட்கும் காண்டும், கொலைகாரனுக்கு வழிகாட்டும் காண்டும் ஒரே வருடத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதியவர்கள். எனக்குப் பிடித்தவர் முதலாமவர்.

தன் கழுத்துக்கு வந்தபோதும் முதலாமவர்தான் கைகொடுத்தார். 1793இல் மதம் பற்றி அவர் எழுதிய நூல் பிரஷ்ய அரசருக்குப் பிடிக்கவில்லை. 1794 அக்டோபரில் அமைச்சர் வோல்னரின் கையெழுத்தோடு கண்டன ஆணை வந்தது. இனி மதம் பற்றி எழுதுவதில்லை என்று காண்ட் வாக்குக் கொடுத்தார், மாட்சிமை தாங்கிய தங்களின் மிக விசுவாசமான குடிமகனாக என்ற அடைமொழியோடு. 1797 நவம்பரில் அரசர் இரண்டாம் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் இறந்தார். அடுத்த ஆண்டே காண்ட் மதம் பற்றி எழுதினார். அந்த அடைமொழியை வேண்டுமென்றேதான் போட்டேன், வாக்கு அந்த அரசரின் ஆயுளுக்கு மட்டுமே என்று அச்சிலேயே விளக்கமும் கொடுத்தார். சொல்வதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும், ஆனால் எல்லா உண்மையையும் சொல்லிவிட வேண்டும் என்ற கடமை இல்லை என்பது அவர் கொள்கை. கொள்கைப்படி இது பொய் இல்லை. ஆனால் படித்த அரசர் என்ன நினைத்துக்கொள்வார் என்று எழுதியவருக்கு நன்றாகத் தெரியும். நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, எழுபது வயதில் அதிகாரத்தின் முன் இவ்வளவு நிதானம் பாராட்டத்தக்கது. கதவைத் திறந்த அந்த நண்பனுக்கும் இதே சாமர்த்தியத்தை அனுமதித்திருக்கலாமே என்பதுதான் வருத்தம்.

சரி, ஏன் இப்படி? ஐம்புலனுக்கு அப்பாற்பட்டதில், விளைவில், உள்நோக்கத்தில் என்று எல்லா இடத்திலும் அறிவுக்குக் கோடு போட்டவர், இந்தச் சந்தர்ப்பத்தில் கடமை எது என்று கண்டுகொள்ளும் அறிவுக்கு மட்டும் ஏன் கோடு போடவில்லை?

மறந்து விட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் மதிக்கத்தக்க ஒரு காரணம் இருக்கிறது. காண்ட் குதிரைச் சேணத்துக்கு வார் தைப்பவரின் மகன். இளமையில், படிக்காத கூட்டத்தை இகழ்ந்தவன் நான், ரூஸோதான் என்னைத் திருத்தினார் என்று தன் குறிப்பொன்றில் எழுதிவைத்திருக்கிறார். அலங்காரமற்ற அவர் வீட்டுச் சுவரில் இருந்த ஒரே படம் ரூஸோவுடையது என்பார்கள். எது சரி எது தவறு என்று அறிய மெத்தப் படித்திருக்க வேண்டும் என்றால், அறம் பண்டிதர்களின் சொத்தாகிவிடும். வார் தைப்பவருக்கும் கடமை பளிச்சென்று தெரிய வேண்டும். இந்தக் கவலை இல்லாத அறவியலை நான் நம்பமாட்டேன்.

ஆனால் காண்ட் இரண்டை ஒன்றாக்கிவிட்டார். பொய் சொல்லாதே, மனிதரைக் கருவியாகப் பயன்படுத்தாதே என்ற நெறி வார் தைப்பவருக்குத் தெரியும் என்பது ஒன்று. இந்தக் கதவருகே, இந்த ஆளிடம், இந்த நொடியில் எந்த நெறி பொருந்துகிறது என்பது இன்னொன்று. தராசு பழுதில்லாமல் இருக்கலாம், தட்டில் வைத்தது எந்தச் சரக்கு என்று தராசு சொல்லாது. நெறியைச் சந்தர்ப்பத்தோடு பொருத்தும் திறனை விதிகளால் கற்றுக்கொடுக்க முடியாது, அதற்கும் ஒரு விதி, அந்த விதிக்கு இன்னொரு விதி என்று போய்க்கொண்டே இருக்கும் என்று முதல் விமர்சன நூலில் அழகாக எழுதியவரும் அவர்தான். அந்தத் திறன் இல்லாமைக்கு மருந்தே இல்லை என்றும் எழுதினார். அறத்துக்கு வந்தபோது அதை ஓரங்கட்டிவிட்டார்.

இப்போது மரியாவிடம் திரும்புவோம்.

1791 ஆகஸ்டில் மரியா முதல் கடிதத்தை எழுதினார். தான் நேசித்தவரிடம் பழைய உறவொன்றை மறைத்திருந்தார். பிறகு உண்மையைச் சொன்னார். சொன்னதும் அவர் அன்பு உறைந்துபோயிற்று. உங்கள் தத்துவம் தடுக்காவிட்டால் என் உயிரை முடித்துக்கொண்டிருப்பேன், இப்போது என்னை ஆற்றுங்கள் என்பது கடிதத்தின் சாரம். அடுத்த ஆண்டு வசந்தத்தில் காண்ட் அக்கறையோடு பதில் எழுதினார். போதனை, கண்டிப்பு, ஆறுதல் என்று பிரசங்கம்போல மூன்று பங்காகப் பிரித்து எழுதினாலும், உயிருள்ள பதில். எல்லாவற்றையும் திறந்து சொல்லாமல் இருப்பதையும் பொய் சொல்வதையும் பிரித்துக் காட்டினார். அந்த ஆணின் அன்பு வெறும் உடல் சார்ந்ததாக இல்லாவிட்டால் காலப்போக்கில் திரும்பும் என்றார். அந்த ஆண்டு டிசம்பரில், மரியாவுக்குக் கடிதம் பயன்பட்டதா என்று எர்ஹார்ட் என்ற மருத்துவ நண்பரிடம் விசாரிக்கவும் செய்தார்.

1793 ஜனவரியில் மரியாவின் இரண்டாம் கடிதம் வந்தது. தொனி மாறியிருந்தது. கண்ணீர் இல்லை. அவர் இப்போது மீண்டும் நட்பாக இருக்கிறார், ஆனால் எனக்கு எதிலும் நாட்டம் இல்லை. ஆசை அற்றுப்போனதால் அறவிதியைப் பின்பற்றுவது கடினமாகவே இல்லை, எதிர்த்து இழுக்க உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. ஒவ்வொரு நாளும் சாவுக்கு அருகில் போவதாகத்தான் இனிக்கிறது. இப்படி எழுதிக்கொண்டே வந்து, நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள், ஒரு மனைவியை, ஒரு நெருக்கத்தைத் தேட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா என்று காண்டையே கேட்டார்.

நாட்டம் கலக்காத கடமையைப் போற்றியதற்காகக் காண்டைக் கவிஞர் ஷில்லர் கிண்டல் செய்தது பிரசித்தம். மரியா அதே ஆட்சேபத்தைக் கிண்டல் இல்லாமல், தன் உடம்பையும் நாட்களையும் சாட்சி வைத்து எழுதினார். நாட்டமெல்லாம் ஒழிந்து கடமை மட்டும் மிஞ்சிய மனிதர் எப்படி இருப்பார் என்பதற்கு, இதோ நான். காண்டின் அறவியலுக்கு அவர் வாழ்நாளில் வந்த மிகக் கடினமான கேள்வி அநேகமாக இதுதான். தத்துவ அறிஞர் ரே லாங்டன் 1992இல் எழுதிய கட்டுரை இந்தக் கடிதங்களைத் தத்துவமாகவே வாசிக்க வேண்டும் என்று காட்டியது. காண்ட் அங்கே ஒரு மனிதரோடு உரையாடுவதை நிறுத்திவிட்டு, அவரை ஒரு பொருள்போலக் கையாண்டார் என்பது லாங்டனின் குற்றச்சாட்டு. அதை ஏற்கிறேன். அதற்கு முந்தைய தவறு ஒன்று இருப்பதாகவும் நினைக்கிறேன்.

மரியாவின் முதல் கடிதம் வந்த அடுத்த மாதம், 1791 செப்டம்பரில், விவிலியத்தில் வரும் யோபுவைப் பற்றிக் காண்ட் ஒரு கட்டுரை வெளியிட்டார். துன்பம் ஏன் வருகிறது என்பதற்குக் கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய எல்லாத் தத்துவ முயற்சிகளும் தோற்றன என்பது அதன் வாதம். யோபுவின் நண்பர்கள் அவன் துயரத்துக்குக் காரணம் தங்களுக்குத் தெரியும் என்று பேசினார்கள். நீ பாவம் செய்திருப்பாய் என்றார்கள். யோபு தெரியாததைத் தெரியாது என்றான். கடவுள் யோபுவின் பக்கம் நின்றது அவன் அறிவுக்காக அல்ல, நேர்மைக்காக என்று காண்ட் எழுதினார். பொய்யின் வேர் எது என்பதை அவர் தொட்ட இடம் அது. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்வதே முதல் பொய்.

பதினேழு மாதம் கழித்து, யோபுவைப் போலச் சாம்பல்மேட்டில் உட்கார்ந்த ஒருத்தி எழுதியபோது, காண்ட் எந்தப் பக்கம் நின்றார்? காதல் என்ற பாறையில் மோதி உடைந்தவள் என்று எர்ஹார்ட் எழுதியிருந்ததை வாங்கிக்கொண்டார், நோய்க்குப் பெயர் வைத்தார், எலிசபெத்துக்கு அனுப்பினார். யோபுவின் நண்பர்கள் செய்தது இதுதான். உன் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவருடைய தத்துவத்துக்கு எந்தச் சேதமும் வந்திருக்காது. அவருடைய தத்துவம் எழுதச் சொன்னதே அந்த வரியைத்தான்.

ஆகவே என் தீர்ப்பு இது. காண்ட் கிழித்த கோடு சரி. அறத்தின் வேர் விளங்காதது என்பது நிற்கும், துன்பத்துக்குக் காரணம் சொல்பவரை நம்பாதே என்பது நிற்கும், உன் நோக்கத்தை நீயே முழுதாக அறியமாட்டாய் என்பது நிற்கும். தீவும் கதவருகே நிற்கும் கொலைகாரனும் நிற்கமாட்டார்கள், ஏனென்றால் அங்கெல்லாம் கோடு நீதிபதியின் நாற்காலிக்கு ஓரடி முன்னால் நின்றுவிடுகிறது. காண்டை ஒதுக்க வேண்டியதில்லை, அவர் நிறுத்திய இடத்திலிருந்து கோட்டை நீட்ட வேண்டும், நாற்காலியையும் உள்ளடக்கி.

1794இன் தொடக்கத்தில் மரியா மூன்றாவது முறையும் எழுதினார். 1803இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். காண்ட் 1804 பிப்ரவரி 12 அன்று இறந்தார். 1792 வசந்தத்துக்குப் பிறகு அவர் மரியாவுக்கு எழுதியதாக ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை.